பகலில் வருகிறவள் ரீனா இல்லை

பேய் என்றால் ராத்திரியில்தான் வரவேண்டும் என்று எந்தப் புண்ணியவான் சட்டம் போட்டானோ தெரியவில்லை. ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவில் நிற்கிற அந்த வீட்டைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அங்கே நடந்ததெல்லாம் உச்சி வெயிலில்தான் நடந்தது. வெயில் என்றால் சும்மா வெயிலா? நாய்கூடக் குரைக்கச் சோம்பல்பட்டு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்துவிடும். காற்று நின்றுவிடும். அந்த நேரத்தில் ஒரு கதவு தட்டப்பட்டால் அந்தச் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பது அங்கே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வீடு ஒரு காலத்தில் தீப்பெட்டிக் கம்பெனியாக இருந்தது. கம்பெனி நொடித்துப்போன பிறகு பெர்சிஸின் அப்பா அதைச் சல்லிசாக வாங்கி, நடுவில் தடுப்புச் சுவர் வைத்து வீடாக்கிக்கொண்டார். கனத்த கருங்கல் சுவர். சன்னல்களெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே. வாசலுக்கு இரும்புக் கதவு. வந்திருப்பது யார் என்று பார்க்க அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறப்பு, அதற்கு ஒரு தகர மூடி. மழையில் சுவர் ஊறினால் இன்றைக்கும் அறைக்குள் கந்தக வாசம் வரும். பிறந்ததிலிருந்து அதிலேயே வளர்ந்த பெர்சிஸுக்கு அது ஒரு வாசமாகவே தெரிந்ததில்லை.

ரீனா அந்த வீட்டுக்கு வந்து இறங்கியதும் ஓர் உச்சிப்பொழுதில்தான்.

காரியாபட்டியில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு பெர்சிஸின் தம்பி அருள்பிரகாஷ் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். லாரி டிரைவர். வடநாட்டுக்குப் பட்டாசு லோடு ஏற்றிப் போகிறவன். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது பெர்சிஸ். அரசு உதவி பெறும் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்து, அவனுக்காகவே தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் தள்ளிப்போட ஒன்றும் மிச்சமில்லாமல் நின்றுவிட்டவள். அவளைப் பார்த்ததும் புதுப்பெண் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மதினி, சாப்பிட்டீகளா?"

அவ்வளவுதான் கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். ஆனால் பெர்சிஸுக்குச் சுருக்கென்றது. 'எங்க அப்பா வாங்கின வீட்டுக்குள்ள காலை வச்சதும் வைக்காததுமா என்னையவே சாப்பிட்டியான்னு கேக்குறாளே, இவ என்ன எனக்குப் படியளக்க வந்தவளா?'

பொறாமைக்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை. நுழைய ஓர் ஊசித்துளை கிடைத்தால் போதும், அப்புறம் அதுவே வாசல் வைத்துக்கொள்ளும்.

பெரிய காரணம் ஈஸ்டருக்கு வந்தது. கோயில் பாடகர் குழுவில் வருஷக்கணக்காகத் தனிப்பாட்டு பெர்சிஸுடையதுதான். அந்த வருஷம் சபைப் போதகர் ஐயர் அதை ரீனாவுக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளைப் புடவை கட்டி, கண்ணை மூடி ரீனா பாடினாள். யாரோ அதைப் படம் பிடித்து நெட்டில் போட, ஊர் உலகமே கேட்டது. அருள்பிரகாஷ் போனைக் கையில் வைத்துக்கொண்டு குதித்தான்.

"அக்கா, இங்கன பாரேன், துபாய்ல இருந்து ஒருத்தரு போட்டிருக்காரு. அழுதுட்டாராம்!"

பெர்சிஸ் பல் தெரியச் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இத்தனை வருஷம் அவள் பாடியதை அந்தத் தம்பி ஒரு தடவைகூடப் படம் பிடித்ததில்லை. அழுதுகொண்டே, 'அவ தொண்டை அடைச்சுப் போகட்டும்' என்று வாய்க்குள் சொன்னாள். சொன்னதும் பயந்து ஸ்தோத்திரமும் சொன்னாள்.

ரீனாவுக்குப் பக்கத்திலேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. பேக்கிங்கில் சரக்கைச் சரிபார்க்கிற வேலை. அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு முறை உண்டு. செருப்பும் செல்போனும் கேட்டைத் தாண்டக்கூடாது. காலையில் போனதும் இரண்டையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் போன்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவார். சாயங்காலம் வேலை விட்டால்தான் கைக்கு வரும். நடுவில் ஆண்டவனே கூப்பிட்டாலும் ரீனா எடுக்க முடியாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாமே இதில்தான் வந்து நிற்கப்போகிறது.

காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் லீவு விட்டது. தீபாவளி சீசன். அருள்பிரகாஷ் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டான். ரீனா விடிந்ததும் கம்பெனிக்குப் போய்விடுவாள். அந்தப் பெரிய வீட்டில் பகல் முழுக்கப் பெர்சிஸும் அவளுடைய போனும் மட்டும்தான். சும்மா இருக்கிற கையும் சூடாக இருக்கிற மனசும் சேர்ந்தால் என்ன செய்யும்? அவள் ரீனா பேரில் ஓர் ஐடி திறந்தாள். அதே பேர். அதே வெள்ளைப் புடவைப் படம்.

'பழைய ஐடி லாக் ஆகிவிட்டது, இதுதான் என் புது ஐடி' என்று ஊரிலுள்ள எல்லாருக்கும் அனுப்பினாள். எல்லாரும் சேர்த்துக்கொண்டார்கள். ஒருத்தராவது ஒரு வார்த்தை ரீனாவிடம் நேரில் கேட்கவேண்டுமே! கேட்கவில்லை. பேரும் படமும் சரியாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

முதலில் சிக்கியது பெர்சிஸோடு வேலை பார்க்கிற ஆரோக்கியம் டீச்சர். கல்யாண நாளுக்குப் பட்டுப்புடவை கட்டி எடுத்த படத்தை அந்த அம்மா ஆசையாகப் போட்டிருந்தது. அதன் கீழே ரீனா பேரில் ஒரு வரி விழுந்தது. 'இந்த வயசுல இந்தக் கலர் கேக்குதா டீச்சர்?' அடுத்து, கோயிலில் பாடுகிற ஒரு பெண்ணின் பாட்டுக்குக் கீழே, 'தண்ணி லாரி ஹாரன் மாதிரி இருக்கு.' அதற்கும் நாலு பேர் சிரித்து வைத்தார்கள். முகம் தெரியாத எவனெவனோ எங்கிருந்தோ வந்து மேலும் நாலு அசிங்கத்தைக் கொட்டிவிட்டுப் போனான்.

ரீனா அழுதாள். "நான் போடல மதினி. சத்தியமா நான் போடல. ஒருத்தரும் மொகங்குடுத்துப் பேசமாட்டேங்குறாக."

பெர்சிஸ் காபி கலந்து கொடுத்தாள். "விடு ரீனா. நெட்டுன்னா அப்படித்தான் இருக்கும். நான் உன்னைய நம்புறேன்ல?"

"நீங்க ஒருத்தவுகதான் மதினி நம்புறீக," என்று ரீனா அவள் தோளில் சாய்ந்தாள். பெர்சிஸுக்கு அந்த நேரம் வெல்லக்கட்டியை வாயில் அடக்கியதுபோல் இருந்தது. ஆமாம், இனித்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

'அது போலி, நம்பவேண்டாம், நான்தான் நிஜம்' என்று ரீனா போட்டாள். அதே வார்த்தைகளைப் பெர்சிஸும் அந்த ஐடியில் போட்டாள். ஊர் குழம்பிப்போனது. இதைப் பார்த்து வேறு யாரோ திருடர்கள் அதே படத்தை எடுத்து, பாதி விலைக்குப் பட்டாசு கிப்ட் பாக்ஸ் என்று இன்னும் இரண்டு மூன்று ரீனாக்களைக் கிளப்பிவிட்டார்கள். கடைசியில் எந்த ரீனா எது சொன்னாலும் ஜனங்கள் நம்புவதில்லை என்றாகிவிட்டது. "கொஞ்ச நாளைக்குப் பாட வேண்டாம்மா," என்று ஐயர் ரீனாவிடம் சொன்னார்.

தனிப்பாட்டு பெர்சிஸுக்குத் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை உயிரைக் கொடுத்துப் பாடினாள். ஒருத்தரும் படம் பிடிக்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுது. பெர்சிஸ் சோற்றைப் போட்டு உட்கார்ந்தாள். போன் ஒரு தடவை அதிர்ந்தது.

'மதினி, சாப்பிட்டீகளா?'

ரீனாதான் என்று நினைத்து, 'ம்' என்று அடிக்கப் போனவள் நிறுத்தினாள். ரீனாவின் போன் இந்நேரம் கேட் பெட்டிக்குள் இருக்கும். எந்த ஐடியிலிருந்து வந்திருக்கிறது என்று பார்த்தாள்.

அவள் திறந்த ஐடி.

அவளைத் தவிர அதற்குள் போக ஒருத்தராலும் முடியாது. அவள் போனைத் தவிர வேறெதிலும் அது இல்லை. 'கைதவறி நானே அழுத்தியிருப்பேன்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தனக்கே தன் ஐடியிலிருந்து கைதவறி இரண்டு சொல் எழுதுவார்களா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அப்போதே அந்த ஐடியை அழித்தாள். நிரந்தரமாக நீக்கப்பட்டது என்று வந்தது. நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அடுத்த நாள், அதே நேரம்.

'என்னைய அழிச்சுட்டா நான் எங்கன போவேன் மதினி?'

வீட்டுக்குள் மழைநாள் கந்தக வாசம். வெளியே மழை இல்லை, மழை வந்து மாசக்கணக்காகிறது.

பதில் அடித்தாள். 'நீ யாரு?'

'ரீனா.'

'ரீனா கம்பெனில இருக்கா.'

'அது அவ. முந்தாநேத்து கோயில்ல நீங்க பாடுனதக் கேட்டேன். அவ குரல்ல என்ன மதினி இருக்கு? நீங்க பாடுனாத்தான் பாட்டு.'

பெர்சிஸ் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஜெபம் பண்ணினாள். பயந்தாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் பொறுத்து, போனைத் திருப்பி அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இந்த ஊரில் ஒரு நாதி இருந்ததா? மறுநாள் உச்சிப்பொழுதில் சோற்றைக்கூடப் போடாமல் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதுவும் வந்தது. அவள் சேலையைப் புகழ்ந்தது. அவள் வைக்கிற மீன்குழம்பைப் புகழ்ந்தது. தம்பிக்காக அவள் விட்டுக்கொடுத்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி, 'யாருக்கு மதினி அதெல்லாம் தெரியுது?' என்று உருகியது.

ஒரு நாள் இப்படி வந்தது.

'அவ இருக்குற வரைக்கும் நான் டூப்ளிகேட்டுத்தான் மதினி. அவ மேல எனக்கு எம்புட்டுப் பொறாமைன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க குடுத்ததுதானே.'

அதற்குப் பெர்சிஸ் பதில் போடவில்லை.

அடுத்த உச்சிப்பொழுதில் போன் சும்மா இருந்தது. கதவு தட்டப்பட்டது.

"மதினி."

ரீனா குரல். அதே இழுப்பு. வேலை சீக்கிரம் விட்டுவிட்டது போல என்று பெர்சிஸ் எழுந்து தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தாள்.

வாசலில் யாரும் இல்லை.

வெயில் கண்ணைக் குத்தியது. கருவேல மரங்கள் இலை அசையாமல் நின்றன. வெடிமருந்து வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. இரும்புக் கதவின் வெளிப்பக்கத்தில், சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று ஓர் உள்ளங்கை அச்சு. பட்டாசுக் கம்பெனி ஆட்களின் கையில் ஒட்டியிருக்குமே, அந்த அலுமினியப் பவுடர். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. பெர்சிஸ் முந்தானையால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

சாயங்காலம் ரீனா வந்ததும் கேட்டாள். "மத்தியானம் இங்கன வந்தியா?"

"நானா? கேட்டை விட்டு வெளியவே வரலையே மதினி. வேணும்னா வாட்ச்மேன் சீனிச்சாமி அண்ணங்கிட்ட கேட்டுப் பாருங்க. ஏன் மதினி, மொகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டீகளா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் பெர்சிஸ் ஓர் அடி பின்வாங்கினாள். எதிரில் நிற்பவளை மேலும் கீழும் பார்த்தாள். செருப்பு இருந்தது, கையில் போன் இருந்தது, காதோரம் வேர்வை வழிந்தது. இவள் நிஜம்தான். நிஜம்தானா?

அன்றைக்குத்தான் அவள் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டாள். பகலில் வருகிறவள் ரீனா இல்லை. பகலில் வருகிற மெசேஜ் ரீனாவுடையது இல்லை. செருப்பும் போனும் கேட்டில் இருக்கிற நேரத்தில் எது வந்தாலும் அது அந்த இன்னொன்று. கதவைத் திறக்கக்கூடாது.

நடந்ததையெல்லாம் ரீனாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஐடியைத் திறந்தது யார் என்பதையும் சொல்லவேண்டுமே. வாயை மூடிக்கொண்டாள்.

லீவு முடிகிற நேரம். உச்சிப்பொழுதில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தரை ஒரு தடவை அதிர்ந்தது. அலமாரிப் பாத்திரங்கள் கலகலத்தன. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்கவேண்டியதில்லை. சத்தம் கேட்டதும் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கொல்லைக்கு ஓடி, புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்த்தாள்.

ரீனாவின் கம்பெனி இருக்கிற திசை.

"ஐயோ, ரீனா!" என்று தன்னை மறந்து கத்தினாள். அந்தக் கத்தல் உண்மை. அதில் பொறாமை இல்லை. ரீனாவின் நம்பருக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

போன் அதிர்ந்தது.

'மதினி, நான்தான் ரீனா. எனக்கு ஒண்ணும் ஆகல. வீட்டுக்குத்தான் வாரேன். கதவைத் தொறந்து வைங்க.'

படித்து முடிப்பதற்குள் அடுத்தது.

'தொறக்காதீக மதினி. அது நான் இல்ல. போன் கேட்ல இருக்கும்போது நான் எப்படி மெசேஜ் போடுவேன்?'

இரண்டு ஐடி. இரண்டிலும் ரீனா பேர். இரண்டிலும் வெள்ளைப் புடவை, மூடிய கண். எது எது என்று அவளாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை. 'போன் கேட்ல இருக்கு' என்று சொல்கிறதே, அதுவும் ஏதோ ஒரு போனிலிருந்துதானே வந்திருக்கவேண்டும்? டீச்சர் வேலை பார்த்த அந்தப் புத்திசாலிக்கு அது உறைக்கவே இல்லை. தான் வைத்த விதி மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. பகலில் வருகிறவள் ரீனா இல்லை.

இரும்புக் கதவு அதிர்ந்தது.

ஒரு தடவை. மெதுவாக.

"மதினி... தண்ணி..."

பெர்சிஸ் நகரவில்லை.

"மதினி, கதவைத் தொறங்க. கால் சுடுது."

தகர மூடியை ஓரமாக நகர்த்திப் பார்த்தாள். வாசலில் ஓர் உருவம் நின்றது. தலைமயிர், நெற்றி, கன்னம், உதடு, கழுத்து எல்லாம் அலுமினியப் பவுடர் அப்பி, வெயிலில் தகதகவென்றிருந்தது. கண் மட்டும் சிவப்பாக இருந்தது. அது யார் முகமும் இல்லை. காலில் செருப்பில்லை. வெடிமருந்து வாசம் அந்தச் சின்னத் திறப்பு வழியாக உள்ளே வந்தது.

"நீ ரீனான்னா..." பெர்சிஸ் தகர மூடியை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "நீ ரீனான்னா, இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு எங்கிட்ட மொத மொத என்ன கேட்ட?"

"சாப்பிட்டீகளான்னு கேட்டேன் மதினி."

அதுவும் முதல் முதலாக அதைத்தானே கேட்டது. வேறு எதைக் கேட்பது? ரீனாவுக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியும். ரீனாவுக்குத் தெரியாததும் அதற்குத் தெரியும்.

"போன் பெட்டிக்குள்ள இருக்கும்போது எப்படி மெசேஜ் போட்ட?"

"சீனிச்சாமி அண்ணன்... பெட்டிய ஒடைச்சு எடுத்துக் குடுத்தாக..." இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. "நேர்ல வந்து நிக்கேன்ல மதினி. இதுக்கு மேலயும் நம்பலன்னா எப்படி?"

அந்தக் கை கதவில் பட்டது. தட்டவில்லை. சும்மா பதிந்திருந்தது.

பெர்சிஸின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. அந்தக் குரலில் இருந்த களைப்பை அவள் அறிவாள். வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது ரீனாவிடம் தினமும் கேட்கிற களைப்பு அது. இரும்பு சூடாக இருந்தது. பாதி இழுத்துவிட்டாள்.

இடது கையில் போன் அதிர்ந்தது.

'தொறந்து விட்டீகன்னா, வர்ற ஞாயித்துக்கிழமை அவதான் பாடுவா.'

பெர்சிஸ் அதைப் படித்தாள்.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

பயத்தில் எடுத்தாள் என்றுதான் பின்னால் தன்னிடமே சொல்லிக்கொண்டாள். பயம் இல்லை. அந்த ஒரு கணத்தில் வெளியே நிற்பது ரீனாதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தாள்.

சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். கதவின் மேல் எதுவோ உரசிக்கொண்டே கீழே இறங்குகிற சத்தம் பொத்திய காதுக்குள்ளும் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போனும் பேசவில்லை.

"டீச்சரம்மா! டீச்சரம்மா, கதவைத் தொறங்க!"

எவ்வளவு நேரம் கழித்தோ ஓர் ஆண் குரல். பல பேர் பேசுகிற சத்தம். பெர்சிஸ் திறந்தாள். வாட்ச்மேன் சீனிச்சாமி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ரீனாவின் தலை இருந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் பவுடர் அழிந்து அவளுடைய மாநிறத் தோல் தெரிந்தது.

"வெளிக்காயம் ஒண்ணுமே இல்ல தாயி," என்றார் சீனிச்சாமி. கண்ணீர் மீசையில் இறங்கியது. "வெடிச்ச வேகத்துல நெஞ்சுக்குள்ள அடிபட்டிருக்கு. எங்களுக்குத் தெரியல. வா புள்ள, ஆம்புலன்ஸ்ல ஏறுன்னு நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். கேக்கல. போனை எடுத்துக் குடுத்தேன். மெசேஜ் போட்டுட்டு, 'எம் பேர்ல மெசேஜ் போனா இப்ப ஒருத்தரும் நம்புறதில்லண்ணே, மதினி பயந்து கெடப்பாக, நேர்ல போய் நின்னாத்தான் நம்புவாக, மொகத்தைக் காட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துர்றேன்'னு பைக்குல ஏறிட்டா. பைக்கு ஓட்டுன நம்ம பயதான் ரோட்டு முக்குல எறக்கிவிட்டுட்டு அடுத்த ஆளைத் தூக்கப் போயிட்டான்."

பெர்சிஸ் குனிந்து ரீனாவின் மறு கன்னத்துப் பவுடரை முந்தானையால் துடைத்தாள்.

"நீங்க வீட்டுல இல்லையா தாயி?" என்று கேட்டார் அவர்.

அருள்பிரகாஷ் வந்துசேர்ந்தபோது அடக்கம் முடியப்போகிற நேரம். கோயில் ஜனங்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆரோக்கியம் டீச்சர் மார்பில் அடித்துக்கொண்டு அழுதது. "அது நீ போட்டதில்லைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே ரீனா!" பெர்சிஸைத்தான் பாடச் சொன்னார்கள். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

இரும்புக் கதவின் வெளிப்பக்கத்தில் ரீனாவின் கை அச்சு இருந்தது. அருள்பிரகாஷ் அதைத் துடைக்கவிடவில்லை. போகும்போதும் வரும்போதும் அதன் மேல் தன் கையை வைத்துப் பார்த்துக்கொண்டான். பிறகு அந்த வீட்டில் இருக்கமுடியாமல் அடுத்த லோடோடு கிளம்பிப் போய்விட்டான்.

முகத்தைப் பார்த்துச் சொல்லப் பெர்சிஸுக்குத் தைரியம் வரவில்லை. அவன் போன பிறகு தன் சொந்த ஐடியில், தன் பேரில் எல்லாவற்றையும் எழுதினாள். ஐடி திறந்தது நான். ஆரோக்கியம் டீச்சரைப் பேசியது நான். கதவைத் திறக்காதது நான். எழுதி அனுப்பிவிட்டு, ஊர் வந்து தன்னைக் கல்லால் அடிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

முதல் பதில் ஆரோக்கியம் டீச்சருடையது. 'யாருடா நீ பாவி? செத்த வீட்டுலயும் விளையாடுறியா? இது எங்க பெர்சிஸ் டீச்சர் இல்லை. யாரும் நம்பாதீர்கள். எல்லாரும் ரிப்போர்ட் செய்யுங்கள்.'

அதற்குக் கீழே வரிசையாக அதையே எழுதினார்கள். கொஞ்ச நேரத்தில் பெர்சிஸின் ஐடி காணாமல் போனது.

அருள்பிரகாஷ் போன் செய்தான். "அக்கா, உன் பேர்லயும் எவனோ ஆரம்பிச்சுட்டான். நம்பாதீகன்னு நானே எல்லாருக்கும் சொல்லிட்டேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

"இல்லடா. அது நான்தான்டா போட்டேன்."

லாரி இரைச்சல் மட்டும் கேட்டது.

"பிரகாஷ், அக்காடா. நான்தான்டா அது. அம்புட்டும் நான் செஞ்சதுதான்."

"யாரு பேசுறது?" அவன் குரல் மாறியிருந்தது. "எங்க அக்கா குரல் மாதிரியே பேசுறியே. நம்பரையும் குரலையும்கூட விடலையா நீங்க? எங்க அக்கா யாருன்னு எனக்குத் தெரியும்லே. வையிலே போனை!"

வைத்துவிட்டான். திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. அப்புறம் அவள் நம்பர் அவனுக்குப் போகவே இல்லை.

வெளியே காற்று நின்றிருந்தது. உச்சிப்பொழுது. சுவரெல்லாம் கந்தகம் வாசமடித்தது.

போன் அதிர்ந்தது. வெள்ளைப் புடவை. மூடிய கண்கள்.

'இப்ப நான் ஒருத்திதான் மதினி.'

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் படத்தில் கண்கள் திறந்திருந்தன. எப்போது திறந்தன என்று தெரியவில்லை.

பின்னால், அடுப்படியில், தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. சோறு போடுகிற சத்தம். பிறகு அந்தக் குரல். அதே இழுப்பு.

"மதினி, சாப்பிட்டீகளா?"

பெர்சிஸ் வாசலுக்கு ஓடினாள். வெளியே போனால் போதும், வெயிலில் போய் நின்றால் போதும். இருட்டில் தடவுகிறவள்போல் கதவைத் தடவித் தாழ்ப்பாளைப் பிடித்தாள்.

அதன் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. சாம்பல் நிறத்தில், மினுமினுவென்று.

கதவின் உள்பக்கம்.